வாசகர் கேள்வி பதில்: ஊதா முடியோடு திருவிழாவுக்கு வரும் பெண்

கேள்வி: என் அக்கா மகள் பெங்களூரில் ஐடி வேலையில் இருக்கிறாள். நாங்கள் வேர்க்காட்டுப் பக்கம், தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கர்கள். அவள் அங்கே போன பிறகு அமெரிக்காவில் பிறந்த மார்மன் சபையில் சேர்ந்துவிட்டாள், அதையே அக்கா இன்னும் ஜீரணிக்கவில்லை. இப்போது வீடியோ காலில் பார்த்தால் தலையில் பாதி ஊதா நிறம். "டீ கூடக் குடிக்கக் கூடாதுன்னு சொல்ற சபை இதை மட்டும் எப்படி விடுது? பொய் சொல்றாளா, சபையை விட்டுட்டாளா?" என்று என்னைப் போட்டுத் துளைக்கிறார். சந்தியாகப்பர் திருவிழாவுக்கு ஊருக்கு வருகிறாள். அக்காவுக்கு என்ன பதில் சொல்வது?
- ஒரு சித்தி, தங்கச்சிமடம்

பதில்: பொய் சொல்கிறாள் என்று நினைக்க ஒரு காரணமும் இல்லை சித்தி. முடியில் ஊதா ஏற்றியதற்காக அந்தச் சபை யாரையும் வெளியே அனுப்புவதில்லை.

அக்கா டீயையும் முடியையும் ஒரே தட்டில் வைக்கிறார், அங்கேதான் குழப்பம். டீ, காபி, மது, புகையிலை விலக்கு என்பது சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் 1833-ல் வெளியிட்ட போதனையிலிருந்து வருகிறது, அது கண்டிப்பான விதி. அவர்களுடைய ஆலயத்துக்குள் நுழைய ஓர் அனுமதிச் சீட்டு வேண்டும் (ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக் கூடம் வேறு, அங்கே யாரும் போகலாம், ஆலயம் தனி. இந்தியாவுக்கான ஆலயம் பெங்களூரில் வரும் என்று 2018-ல் அறிவித்தார்கள்). அந்தச் சீட்டைப் புதுப்பிக்க இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை அவர்களுடைய பிஷப் உட்கார வைத்துக் கேள்வி கேட்பார். பிஷப் என்றால் நம்ம ஆயர் மாதிரி இல்லை, வேலைக்குப் போய்க்கொண்டே சம்பளம் இல்லாமல் சபையைப் பார்த்துக்கொள்ளும் குடும்பஸ்தர். விசுவாசம் உண்டா, ஒழுக்கமாக இருக்கிறாயா, வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைத் தசமபாகமாகக் கொடுக்கிறாயா, டீ காபி குடிக்கிறாயா என்றெல்லாம் அந்தப் பட்டியலில் வரும். முடி என்ன நிறம் என்று ஒரு கேள்வி கிடையாது.

அப்படியானால் மார்மன்கள் என்றாலே மழித்த முகம், வெள்ளைச் சட்டை, ஒட்ட வெட்டிய கிராப்பு என்ற பேர் எப்படி வந்தது? சும்மா வரவில்லை. இளைஞர்களுக்கென்று 1965-ல் ஒரு கையேடு போட்டார்கள், அதைத் திருத்தித் திருத்தி இன்றுவரை வெளியிடுகிறார்கள். 2000-ல் அப்போதைய தலைவர் கார்டன் ஹிங்க்லி, பச்சை குத்தாதீர்கள், பெண்கள் காதுக்கு ஒரு ஜோடித் தோடு போதும் என்றார். (பாம்படம், முருகு, கொப்பு என்று காது முழுக்கத் துளை போட்டு, கையில் கோலப் பச்சையும் குத்திக்கொண்ட நம்ம சீமைப் பாட்டிகளைப் பார்த்திருந்தால் மனுஷர் என்ன சொல்லியிருப்பாரோ.) 2011 பதிப்பில் அந்த ஒரு ஜோடித் தோடு அச்சிலேயே இருந்தது, உடையிலும் சிகை அலங்காரத்திலும் அதீதம் வேண்டாம் என்பதும் இருந்தது. 2022 அக்டோபரில் வந்த பதிப்பில் தோட்டுக் கணக்கை எடுத்துவிட்டார்கள். உடம்பு கடவுள் கொடுத்தது, அதை மதிக்கிற மாதிரி நடந்துகொள், எது சரி என்று ஜெபித்து நீயே முடிவெடு என்ற ரீதியில்தான் இப்போது எழுதியிருக்கிறார்கள். உங்கள் அக்கா மகள் இந்தக் காலத்துச் சபையில் சேர்ந்தவள். அக்கா மனசில் இருப்பது பழைய படம்.

ஆனால் ஒன்று, அவள் மிஷனரியாகப் போவதாக இருந்தால் ஊதா போயே ஆக வேண்டும். பெண்களுக்கு அது பதினெட்டு மாத ஊழியம், ஆண்களுக்கு இரண்டு வருஷம், அந்தக் காலம் முழுக்க சட்டையில் சபையின் பெயர் எழுதிய அட்டை குத்தியிருக்கும். சாயம் போடலாம், அது இயற்கையான முடி நிறமாகத் தெரிய வேண்டும் என்பது அங்கே விதி. நரைக்குக் கறுப்பு அடித்தால் கேள்வி இல்லை, பச்சை நீலம் ஊதா என்றால் உண்டு. மார்மன்கள் நிறைய வாழும் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் தலைக்குப் பொன்னிறம் ஏற்றிக்கொள்ளும் மார்மன் பெண்கள் எத்தனையோ பேர், அதை யாரும் சாயம் என்றே கணக்கில் எடுப்பதில்லை. இது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் படுகிறது.

விதி இல்லை என்பதால் முணுமுணுப்பும் இல்லை என்று ஆகாது. நம்ம நாட்டில் அந்தச் சபை சின்னது, ஒருவரை ஒருவர் தெரியும். யாராவது ஒரு பெரியம்மா, "சரீரம் பரிசுத்த ஆவியின் ஆலயம்னு பவுல் சொல்லலையாம்மா?" என்று ஆரம்பிப்பார். பெண்ணும் சும்மா இருக்க மாட்டாள், "மனுஷன் முகத்தைப் பார்ப்பான், கர்த்தரோ இருதயத்தைப் பார்க்கிறார்" என்று சாமுவேல் புத்தகத்தை எடுப்பாள். என்னைக் கேட்டால் பெரியம்மாவின் வசனமே பெண்ணுக்குத்தான் சாதகம். கும்பாபிஷேகம் என்றால் கோபுரத்தையே பஞ்சவர்ணத்தில் அடிக்கிற நாட்டில், ஆலயத்துக்கு வண்ணம் கூடாது என்று எப்படிச் சொல்வது?

அக்காவின் நிஜமான கவலை மார்மன் விதி இல்லை என்று நினைக்கிறேன். தேர் சுற்றும்போது தெரு பூரா திரும்பிப் பார்க்குமே என்பதுதான். வரன் பார்க்கிற நேரமாகவும் இருக்கலாம். அதை நேராகப் பெண்ணிடம் சொல்லட்டும், அவள் புரிந்துகொள்வாள். "உங்க சபையே ஒத்துக்காதே" என்று சுற்றி வளைத்தால், சபையைப் பற்றி உங்களைவிட அவளுக்கு அதிகம் தெரியும், பேச்சு அந்த இடத்திலேயே முடிந்துவிடும். கோவிலுக்குள் பெண்கள் முக்காடு போடுவது உங்கள் வழக்கம்தானே, பூசை நேரத்துக்கு அது போதும். மற்றபடி கடற்கரைப் பிள்ளைகளின் தலையைப் பாருங்கள், வெயிலிலும் உப்புத் தண்ணியிலும் ஊறி நுனியெல்லாம் செம்பட்டை பாய்ந்து கிடக்கும். அதே நிறத்துக்குப் பெங்களூரில் பார்லர்காரர் ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்.

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் யூட்டா மாநிலத்திலுள்ள பிரிகாம் யங் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கப் போகிறான். கட்டணம் மற்ற இடங்களைவிடக் குறைவாம். மார்மன்கள் நடத்துவது, தாடி வைக்க விட மாட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். என் வாப்பா மருதாணி போட்ட செந்தாடிக்காரர். பேரன் மழுமழுவென்று வந்து நின்றால் வீட்டில் சேர்க்க மாட்டார்.
- ஒரு தகப்பன், கீழக்கரை

பதில்: கேள்விப்பட்டது உண்மைதான் பாய். சபைக்கு வெளியே இருந்து வருபவர்களுக்கும் அங்கே இடம் உண்டு, ஆனால் மாணவர் நடத்தை விதிக்குக் கையெழுத்துப் போட வேண்டும். ஆண்கள் முகம் மழித்திருக்க வேண்டும், மீசை இருந்தால் ஒழுங்காக வெட்டியிருக்க வேண்டும், தலைமுடியின் வெட்டும் நிறமும் அதீதமாக இருக்கக் கூடாது. மேலே தங்கச்சிமடம் சித்திக்குச் சொன்னது சாதாரண உறுப்பினருக்கு, இது கல்லூரி வளாகத்துக்கு. இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஆனால் மத காரணத்துக்காகத் தாடி வைக்க விலக்கு கேட்கலாம். மருத்துவம், நாடக நடிப்பு, மதம் என மூன்று காரணங்களுக்கு விலக்கு உண்டு என்று 2015-ல் தெளிவாகவே சொல்லிவிட்டார்கள். முறைப்படி விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும், வாயால் சொன்னால் ஆகாது. சேருவதற்கு முன்பே எழுதிக் கேட்டு, பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அந்தப் பிரிகாம் யங்கே தாடிக்காரர்தான்! சபையின் இரண்டாவது தலைவர், அவர் பெயரில் கல்லூரி, அவர் முகத்தோடு இன்று போனால் அவரும் விலக்குச் சீட்டுக்கு வரிசையில் நிற்க வேண்டும். அவருக்குப் பின் வந்த தலைவர்களும் 1951-ல் இறந்த ஜார்ஜ் ஆல்பர்ட் ஸ்மித் வரை தாடி வைத்திருந்தவர்கள்தான். அறுபதுகளில் ஹிப்பிகள் தாடியும் நீள்முடியுமாகக் கிளம்பியபோதுதான் கல்லூரி பயந்துபோய் சவரக் கத்தியைக் கையில் எடுத்தது. ஹிப்பிகள் போய்விட்டார்கள், விதி போகவில்லை.

இன்னொன்றும் பையனிடம் சொல்லிவிடுங்கள். அங்கே படிக்கிறவர்கள் எந்த மதமானாலும் டீ, காபி தொடக் கூடாது. தாடிக்கு விலக்கு கிடைக்கும், டீக்குக் கிடைக்காது.

கேள்வி: தோற்றத்தை வைத்து பக்தியை அளக்கிற புத்தியெல்லாம் இந்த அமெரிக்கச் சபைகள் கொண்டுவந்ததுதானே?
- ஒரு வாசகர், திருவாடானை

பதில்: உங்கள் ஊரிலிருந்து ஓரியூர் எவ்வளவு தூரம்? போர்ச்சுகலில் பெரிய குடும்பத்தில் பிறந்த கத்தோலிக்கக் குரு அருளானந்தர் இங்கே வந்ததும் காவி கட்டி, புலால் விட்டு, பண்டாரசாமியாகத்தான் ஊர் ஊராகப் போனார். ஐரோப்பிய உடுப்போடு போயிருந்தால் பரங்கி என்று திண்ணையில்கூட உட்கார விட்டிருக்க மாட்டார்கள். 1693-ல் அவர் ஓரியூரில் தலை வெட்டப்பட்டபோது அமெரிக்கா என்ற நாடே பிறக்கவில்லை, மார்மன் சபை வர இன்னும் நூற்று முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தது. வேட்டி கட்டியவருக்கு ஒரு மரியாதை, கைலி கட்டியவருக்கு ஒரு மரியாதை என்பது நம்ம கண்டுபிடிப்பு, அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்ததில்லை. என்ன வித்தியாசம் என்றால், அருளானந்தர் போன இடத்து உடுப்பை எடுத்துக்கொண்டார், மார்மன் மிஷனரிகளை எந்த நாட்டில் பார்த்தாலும் சட்டெனக் கண்டுபிடித்துவிடலாம். எனக்கு முன்னது பிடிக்கும்.

கேள்வி: நான் எந்தச் சபையும் இல்லை, முடிக்கு நீலம் போட ஆசை, அவ்வளவுதான். எங்க ஊர் உப்புத் தண்ணியில் நிற்குமா?
- கல்லூரி மாணவி, பாம்பன்

பதில்: ரொம்ப நாள் நிற்காது தங்கச்சி. கறுப்பு முடியில் நீலம் தெரிய முதலில் பிளீச் செய்து நிறத்தை இறக்க வேண்டும், அதிலேயே முடி வறண்டு உடையத் தொடங்கும். அதற்கு மேல் வெயிலும் கடல் குளியலும் சேர்ந்தால் சீக்கிரமே நீலம் வெளுத்துப் பாசிப் பச்சையாக நிற்கும். முழுத் தலைக்குப் போடாமல் பின்பக்கம் ஒரு கொத்துக்கு மட்டும் போட்டுப் பாருங்கள், பிடிக்காவிட்டால் வெட்டிவிடலாம். கடலில் இறங்குமுன் நல்ல தண்ணியில் முடியை நனைத்துக்கொண்டால் உப்பு குறைவாக ஏறும். எந்தச் சாயமானாலும் காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு தடவி இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள், அரித்தாலோ தடித்தாலோ தலைப்பக்கமே கொண்டுபோக வேண்டாம். விசேஷத்துக்கு முந்தின நாள் முதல்முறையாகப் போடவே போடாதீர்கள்.