வாசகர் கேள்வி – பதில்: ஆற்றுக்குள் ஓர் அடைப்பு

கேள்வி: ஆற்றில் தண்ணீர் இருக்கும்போதே பாலத்தூண் வேலைக்காக இரும்புத் தகடுகளால் வளைத்து அடைத்து, உள்ளே இருக்கும் நீரை இறைத்துவிடுகிறார்கள். காவிரியின் அடியெல்லாம் மணல்தானே, கீழிருந்து ஊறாதா? – வாசகர், திருவையாறு

பதில்: ஊறும். காஃபர்டேம் எனப்படும் இந்தத் தற்காலிக அடைப்பில் ஊற்றை முழுவதுமாக நிறுத்த முடியாது. பம்புகள் இறைத்துத் தீர்க்கக்கூடிய அளவுக்குள் அதை வைத்திருக்கவே பாடுபடுகிறார்கள். ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் விளிம்புள்ள எஃகுத் தகடுகளை (ஷீட் பைல்) ஆற்றின் அடிமட்டத்தோடு நிறுத்தாமல் மணலுக்குள் பல மீட்டர் ஆழம் இறக்குவது இதற்காகத்தான். வெளியே உள்ள நீர் தகட்டின் அடிமுனை வரை இறங்கி, சுற்றி, மறுபுறம் ஏறி வர வேண்டியிருப்பதால், பாதை நீள நீள அதன் வேகமும் அளவும் குறைகின்றன. தகடு போதிய ஆழம் போகவில்லையென்றால், மேலேறும் நீர் மணலின் எடையையே தாங்கிவிடும்; உறுதியாகத் தெரிந்த தரை கொதிக்கும் உலை போலப் பொங்கத் தொடங்கும். ஊறிவரும் நீர் தெளிவாக இருக்கும்வரை பெரிய கவலை இல்லை, மணலைச் சுமந்து கலங்கலாக வந்தால் ஆட்களை உடனே மேலேற்ற வேண்டும். பக்கச்சுவர் கசிவைத்தான் பார்ப்பவர்கள் பெரிதாகப் பேசுகிறார்கள் என்றாலும், டெல்டாவின் மணலில் அதிகம் அஞ்ச வேண்டியது அடியிலிருந்து வரும் நீருக்கே.

பக்கவாட்டு அழுத்தமும் சாதாரணமன்று. 5 மீட்டர் ஆழ நீர், சுவரின் ஒவ்வொரு மீட்டர் அகலத்தையும் ஏறத்தாழ 12 டன் விசையுடன் தள்ளுகிறது. ஆழம் இருமடங்கானால் விசை நான்கு மடங்காகும். உள்ளே குறுக்கும் நெடுக்குமாக எஃகுச் சட்டங்கள் முட்டுக்கொடுத்து நிற்பது இதனால்தான்.

கேள்வி: 2018-இல் முக்கொம்பில் மதகுகள் உடைந்தபோது மணல் மூட்டைகளையும் பாறைகளையும் போட்டார்களே, அதுவும் இதுதானா? – வாசகர், லால்குடி

பதில்: இல்லை, அது வேறு. அந்த ஆண்டு ஆகஸ்ட் 22 இரவு கொள்ளிடம் பக்கத்து மேலணையில் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. அங்கே செய்ய வேண்டியிருந்தது உடைப்பை அடைப்பது, அதாவது கொள்ளிடத்தில் வீணாகப் பாயும் நீரைக் குறைப்பது. பாறைகளின் இடுக்கில் ஓரளவு கசிந்தாலும் அந்த நோக்கம் நிறைவேறிவிடும். காஃபர்டேமுக்கோ உள்ளே ஆள் நின்று கம்பி கட்டும் அளவுக்கு உலர்ந்த தரை வேண்டும். ஆழம் குறைந்த இடத்தில் மண்கரையும் மணல் மூட்டையும் கொண்டே ‘ரிங் பண்ட்’ எனும் வளையக் கரை அமைத்து அத்தகைய தரையைப் பெறலாம். மேட்டூர் அணையை ஜனவரி 28-இல் மூடி ஜூன் 12-இல் திறப்பது மரபு என்பதால், இடைப்பட்ட கோடையில் செய்துமுடிக்கக்கூடிய மதகு வேலைகளுக்கு அதுவும் பெரும்பாலும் தேவைப்படாது. வேலையைத் தள்ளிப்போட்டுவிட்டுப் பிறகு தண்ணீரோடு மல்லுக்கட்டுவது வீண் செலவு என்பது என் கருத்து.

கேள்வி: வேலையின் நடுவே வெள்ளம் வந்தால்? – வாசகர், கும்பகோணம்

பதில்: ஆட்களையும் இயந்திரங்களையும் வெளியேற்றிவிட்டு, நீரைத் தாங்களே உள்ளே விட்டுவிடுவதுண்டு. இருபுறமும் மட்டம் சமமானதும் சுவர்மீதுள்ள நீரழுத்தத்தின் வேறுபாடு நீங்கிவிடும். நீர் மேலே வழிந்து விழுந்து அடிமணலை அரிப்பதும் தவிர்க்கப்படும். வெள்ளம் வடிந்தபின் ஒரேயடியாக இறைக்காமல், மட்டத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து, முட்டுச் சட்டங்கள் விலகியிருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டே இறங்குவார்கள்.