நன்னாரி சிரப்பில் பூஞ்சை: பென்சோயேட் போட்டும் ஏன்?

அண்ணே, மேலூரில் நீங்கள் போடும் நன்னாரி சிரப்பில் கெடாமல் காக்கும் சோடியம் பென்சோயேட் கலந்தும் பூஞ்சை பிடிக்கிறது என்றீர்கள். அதன் அளவைக் கூட்டாதீர்கள், குறைச்சல் புளிப்பில்தான். பென்சோயேட் புளிப்பில் பென்சாயிக் அமிலமாக மாறித்தான் பூஞ்சையைத் தடுக்கும். அந்த அமிலத்தின் பிகேஏ, அதாவது அதில் பாதி அயனியாக (மின்னூட்டம் கொண்ட வடிவமாக) இருக்கும் பிஎச், சுமார் 4.2. பிஎச் என்பது புளிப்பை அளக்கும் எண், அது குறைந்தால் புளிப்பு அதிகம். பிஎச் அதைத் தாண்டி ஏற ஏற அமிலம் அயனியாகிவிடும், அயனியால் பூஞ்சையின் செல் சவ்வைக் கடந்து உள்ளே போக முடியாது. சிட்ரிக் அமிலம் சேர்த்து பிஎச்சை 3.5 பக்கம் இறக்குங்கள். எலுமிச்சைச் சாறு வேண்டாம்: அதிலுள்ள வைட்டமின் சி பென்சோயேட்டோடு சேர்ந்தால் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பென்சீன் மிகச் சிறிதளவு உருவாகலாம்.

சரி, பென்சோயேட் உடம்பில் தங்குமா என்று கேட்டிருந்தீர்கள். தங்காது. கல்லீரல் செல்லின் மைட்டோகாண்ட்ரியாவில் முதலில் பென்சாயிக் அமிலத்தோடு கோஎன்சைம் ஏ என்ற துணை மூலக்கூறு ஒட்டும், அப்புறம் அதன் இடத்தில் கிளைசின் என்ற அமினோ அமிலம் வந்து ஹிப்பூரிக் அமிலமாகும்; பெரும்பகுதி ஒரு நாளுக்குள் சிறுநீரில் போய்விடும். வீட்டில் பூனை இருந்தால் அதற்கு மட்டும் ஊற்றிவிடாதீர்கள், பூனைக்கு பென்சாயிக் அமிலம் ஆகாது.