போகப் போகிறேன், போக இருக்கிறேன்: ஸ்பானிஷில் எப்படி?

வெள்ளவத்தையில் 8 வருடமாக ஸ்பானிஷ் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தக் கிழமை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் 'செய்யப் போகிறேன், செய்ய நினைக்கிறேன்' குழப்பம்தான்.

கொட்டாஞ்சேனையிலிருந்து: அக்கா, 'ஐ ஆம் கோயிங் டு', 'ஐ பிளான் டு', 'ஐ இன்டென்ட் டு' மூன்றுக்கும் 'வோய் ஆ' போட்டால் போதாதா?

விளங்கும், ஆனால் சப்பென்றிருக்கும். ஆங்கிலத்தைத் தள்ளி வைத்துவிட்டுத் தமிழில் யோசியுங்கள். 'போகப் போகிறேன்' என்றால் 'வோய் ஆ இர்', நம்மைப் போலவே அவர்களும் 'போ'வை இரண்டு தரம் போடுகிறார்கள். 'போக இருக்கிறேன்' என்றால் 'பியென்சோ இர்'. யோசித்து வைத்தாச்சு என்றால் 'தெங்கோ பென்சாதோ இர்'. 'தெங்கோ லா இந்தென்சியோன் தே' கடிதத்துக்கு நல்லது, காலிமுகத்திடலில் இறால் வடை வாங்கப் போகிறவர் பேசுகிற பேச்சில்லை.

தெஹிவளையிலிருந்து: 'பியென்சோ'வுக்குப் பின்னால் 'என்' வருமா?

வந்தால் அர்த்தம் மாறும். 'பியென்சோ கொம்ப்ரார் ஊன் கோச்சே' என்றால் கார் வாங்க இருக்கிறேன். 'பியென்சோ என் கொம்ப்ரார்' என்றால் வாங்கலாமா விடலாமா என்று மனதில் போட்டு உருட்டுவது, இங்கத்தைய கார் விலைக்கு அதுதான் சரி. அப்புறம் ஒரு கவனம்: 'நோ பியென்சோ இர்' என்பது 'போகிற எண்ணமே இல்லை' என்று முகத்தில் அடிப்பது போல. என் மாணவி ஒருவர் கல்யாண அழைப்புக்கு அப்படியே பதில் எழுதிவிட்டு, 'என்னில் ஏதும் கோபமா?' என்று தோழி கேட்ட பிறகு என்னிடம் ஓடி வந்தார்.

பம்பலப்பிட்டியிலிருந்து: 'ப்ரெதெந்தேர்' என்றால் நடிப்பதுதானே?

இல்லவே இல்லை. நடிப்பதற்கு 'ஃபின்ஹீர்'. 'கே ப்ரெதெந்தேஸ்?' என்று கேட்டால், 'என்ன செய்யப் பார்க்கிறாய்?' அந்த 'பார்க்கிறாய்'க்குள் இருக்கிற சந்தேகமும் சேர்த்துத்தான்.

மருதானையிலிருந்து: வெளிக்கிட இருந்தேன், மழை வந்துவிட்டது. இதை எப்படிச் சொல்வது?

'இபா ஆ சலீர்.' செருப்பும் போட்டு, குடையும் கையில் என்றால் 'எஸ்தாபா ஆ புந்தோ தே சலீர்'. 'எஸ்தோய் போர் சலீர்' மட்டும் ஆளைப் பார்த்துச் சொல்லுங்கள்: லத்தீன் அமெரிக்காவில் 'இதோ வெளிக்கிடப் போகிறேன்', ஸ்பெயினில் 'வெளிக்கிடுவோமா என்று மனம் இழுக்கிறது'.

கிருலப்பனையிலிருந்து: பஸ்ஸில் ஒருவரின் காலை மிதித்துவிட்டால், 'ஐ டிடின்ட் மீன் டு' என்பதற்கு?

'ஃபுவே சின் கெரேர்.' 'கெரேர்' என்றால் வேண்டும், 'சின்' என்றால் இல்லாமல். நாங்கள் 'வேணுமெண்டு மிதிக்கேல்லை' என்று சொல்வதேதான்.