வீடியோவில் படம் ஓடுகிறது, சத்தம் மட்டும் வரவில்லை. ஃபைல் கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் கெட்டிருக்காது. தயவுசெய்து அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள். பழைய ஹேண்டிகேம் வீடியோக்கள் புது லேப்டாப்பில் ஊமையாக ஓடுகின்றன, மற்றதெல்லாம் சத்தத்தோடு வருகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டிலும் அப்படியே நடந்தது.

2011-இல் கானாடுகாத்தான் வீட்டில் ஐயாவுக்கு எண்பதாம் கல்யாணம். பந்தி முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, அப்பத்தா வளவுத் தூணில் சாய்ந்து உட்கார்ந்து, கொள்ளுப்பேரனை மடியில் போட்டுத் தாலாட்டுப் பாடினார்கள். அத்தான் அதை ஹேண்டிகேமில் எடுத்து வைத்தார். இன்று அப்பத்தா இல்லை. போன வருடம் முன்னோருக்கான படைப்புக்கு எல்லோரும் கூடியபோது புது லேப்டாப்பில் அதைப் போட்டோம். அத்தை திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஆத்தா வாய் அசையுது, சத்தத்தைக் காணோமேப்பா" என்றார்கள். ஃபைல் போயிருச்சு என்று ஒருவர் சொல்ல, வீடே அமைதியாகிவிட்டது.

முதலில் வேறொரு பாட்டைப் போட்டுப் பார்த்தேன். நன்றாகக் கேட்டது. அதுவும் கேட்காமல் இருந்தால் ஸ்பீக்கரில்தான் கோளாறு. டிவிக்கு ஹெச்டிஎம்ஐ கேபிள் போட்டிருந்தால் சத்தம் டிவிக்குப் போயிருக்கும். ஒலி அமைப்பில் வெளியீட்டை மாற்றினால் சரியாகும்.

ஒரு ஃபைல் மட்டும் ஊமை என்றால் சங்கதி கோடெக்கில் இருக்கிறது. எம்டிஎஸ், எம்பி4, எம்கேவி என்ற ஃபைல் வகைகள் எல்லாம் நம் அடுக்குச்சட்டி மாதிரி. வெளியே ஒரு பெயர். உள்ளே படம் ஒரு அடுக்கு, ஒலி வேறு அடுக்கு. ஒவ்வொன்றையும் திறக்கத் தனித்தனிக் கருவி வேண்டும், அதன் பெயர்தான் கோடெக். 2006-இல் வந்த ஏவிசிஹெச்டி முறையில் பதியும் ஹேண்டிகேம்கள் ஒலியைப் பெரும்பாலும் டால்பியின் ஏசி-3 வடிவத்தில் வைக்கும். டிவிடிகளிலும் அநேகமாக அதுதான். விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்பைப் புதிதாக நிறுவிய கணினிகளில் ஏசி-3 கோடெக் கூடவே வருவதில்லை. படத்துக்குரிய கோடெக் இருப்பதால் படம் ஓடும். ஒலி அடுக்கு திறக்கப்படாமலே கிடக்கும்.

விஎல்சி பிளேயரை அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்கி, அதில் ஓட்டிப் பாருங்கள். அது தனக்கு வேண்டிய கோடெக்குகளைத் தன்னோடே வைத்திருக்கிறது. கூகுளில் தேடினால் வரும் 'கோடெக் பேக்' எதையும் நிறுவ வேண்டாம். கண்ட குப்பையும் சேர்ந்து வந்துவிடும். எங்களுக்கு விஎல்சியே போதுமாக இருந்தது. அப்பத்தாவின் முதல் "ஆராரோ" கேட்டதும் அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். நான் ஸ்பீக்கரை இன்னும் கொஞ்சம் கூட்டினேன்.

விஎல்சியிலும் கேட்கவில்லையா? கண்ட்ரோலும் ஜே-யும் சேர்த்து அழுத்துங்கள். உள்ளே இருக்கும் தடங்களின் விவரம் வரும். எங்களுடையதில் 'ஏ52 ஆடியோ' என்று இருந்தது. ஏசி-3-க்கு அது இன்னொரு பெயர். ஆடியோ என்று ஒரு தடமும் இல்லாவிட்டால், அந்தப் பிரதியில் ஒலியே இல்லை. யாரோ வடிவம் மாற்றியபோதோ வெட்டி ஒட்டியபோதோ விட்டுப்போயிருக்கும். அப்போது மூலத்தைத் தேட வேண்டும்: மெமரி கார்டு, டேப், வீடியோக்காரர் கொடுத்த டிவிடி.

உறவுக்காரர்களின் ஃபோனில் ஓட வேண்டுமென்றால், விஎல்சியின் 'கன்வெர்ட்' பகுதியில் படத்தை அப்படியே வைத்து, ஒலியை மட்டும் ஏஏசி என்ற ஒலி வடிவத்துக்கு மாற்றலாம். படத்தின் தரம் குறையாது. மாற்றியதை ஆரம்பம் முதல் கடைசி வரை ஒருமுறை கேட்டுவிட்டு அனுப்புங்கள். அப்போதும் மூல ஃபைலை அழிக்காதீர்கள். எங்கள் எம்டிஎஸ் ஃபைல் இப்போது இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது, ஒன்று காரைக்குடியில், ஒன்று சிங்கப்பூரில் அத்தானிடம்.