சிஸ்டர் அக்கா பதில்கள்: எல்லாம் நார்மல், ஆனா மனசுக்கு சரியா படல

கேள்வி: அக்கா, நான் மதுரையில ஒரு தனியார் ஆஸ்பத்திரியில சர்ஜிக்கல் வார்டு ஸ்டாஃப் நர்ஸ். போன மாசம் நைட் டூட்டில குடல் ஆபரேஷன் முடிஞ்சு நாலாம் நாள்ல இருந்த பெரியவர் ஒருத்தர், உசிலம்பட்டி பக்கம். பிபி, ஆக்ஸிஜன் சாச்சுரேஷன் ரெண்டும் நார்மல்தான், ஆனா எனக்கு என்னமோ சரியில்லன்னு பட்டுச்சு. டூட்டி டாக்டருக்கு போன் போட்டா, நார்மல்னா எதுக்கு கூப்பிடுறன்னு வச்சுட்டார். விடியக்காலம் பிபி விழுந்து ஐசியூவுக்கு மாத்துனாங்க, இப்ப நல்லாருக்கார். இந்த மாதிரி தோணுறத நம்பலாமா?
- வாசகி, திருமங்கலம்

நம்பணும் தங்கச்சி. உங்க கண்ணும் கையும் பாத்தத உங்க வாய் சொல்றதுக்குள்ள மனசு சொல்லிருச்சு, அம்புட்டுதான். முந்தின நாள் மககிட்ட வாயாடிட்டு இருந்தவர் அன்னைக்கு சுவத்தையே பாத்துட்டு படுத்திருப்பார், கை சில்லுன்னு இருந்திருக்கும், போர்வைய இழுத்து இழுத்து விட்டுருப்பார், மூச்சு வேகமா ஓடிருக்கும். நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2015-ல, அதுக்கு முன்ன வந்த 18 ஆய்வுகள ஒண்ணா வச்சுப் பாத்து, நர்ஸுங்க கவலைப்படுறதுக்குப் பின்னாடி இருக்குற 37 அறிகுறிகள பிரிச்சு எடுத்தாங்க, பிபி பல்ஸ் மாறுறதுக்கு முன்னயே அந்தக் கவலை வந்துடலாம்னும் சொன்னாங்க.

ஆனா "என்னமோ மாதிரி இருக்கு சார்"னா நடுராத்திரி எந்த டாக்டரும் எந்திரிச்சு வரமாட்டார். மனசுக்கு படலன்னா மொதல்ல மூச்ச ஒரு முழு நிமிஷம் எண்ணுங்க. நெறைய வார்டுல கேஸ் ஷீட்ல வரிசையா 20, 20, 20னு எண்ணாமலே எழுதுறாங்க பாருங்க, எனக்கு வயிறு எரியுது, ஏன்னா பிபி கடைசி வரைக்கும் தாக்குப்பிடிக்கும், மூச்சுதான் மொதல்ல காட்டிக்கொடுக்கும். பேஷன்ட் மோசமாகுறத முன்னயே கண்டுபிடிக்க மார்க் போடுற முறை ஒண்ணு, நியூஸ் (NEWS) ஸ்கோர்னு, இங்கிலாந்துல 2012-ல இருந்து புழங்குது; அதுல மூச்சு 25-க்கு போனாலே 3 மார்க், 2017-ல திருத்தினதுக்கு அப்புறம் புதுசா குழப்பமா பேசினா அதுக்கும் 3, மொத்தம் 7 ஆனா எமர்ஜென்சி. அப்புறம் யூரின் எவ்வளவு போயிருக்குன்னு பாருங்க, கூட இருக்குற அட்டெண்டர்கிட்ட "அப்பா எப்பவும் இப்படித்தானா"ன்னு கேளுங்க.

போன்ல இப்படி சொல்லுங்க: "சார், ஆறாம் பெட், குடல் ஆபரேஷன் நாலாம் நாள். சாயங்காலம் மூச்சு 16, இப்ப 26. கை சில்லுன்னு இருக்கு, மக பேர மாத்தி சொல்றார். பிபி இன்னும் விழல. தையல் லீக்கா இருக்குமோன்னு கவலையா இருக்கு, வந்து பாருங்க." கூப்பிட்ட டைம், அவர் சொன்ன பதில் ரெண்டையும் நர்ஸ் நோட்ஸ்ல எழுதிருங்க. வரலன்னா சீனியர்கிட்ட போங்க, சர்ஜனையே கூப்பிடுங்க, திட்டினா திட்டட்டும்.

கேள்வி: வேலைக்கு சேந்து ஆறு மாசம் ஆகுது, சீனியர் அக்கா கதவுகிட்ட நின்னு பாத்தே சொல்லிடுறாங்க, எனக்கு ஒண்ணுமே தோண மாட்டேங்குதே?
- வாசகி, மேலூர்

தோணாதும்மா, அதுல தப்பே இல்ல. பாட்ரிசியா பென்னர்னு அமெரிக்க நர்சிங் பேராசிரியர் 1984-லயே ஒரு நர்ஸ் புதுசுல இருந்து தேர்ந்தவங்களா ஆகுறதுக்கு அஞ்சு படி இருக்குன்னு எழுதினாங்க, ஒரே மாதிரி பேஷன்ட்டுகள ரெண்டு மூணு வருஷம் பாத்தாத்தான் மூணாவது படியே வரும்னு. பிரசவ வார்டுல பழம் தின்னு கொட்டை போட்டவங்கள நியூரோ வார்டுக்கு மாத்தினா அங்க அவங்களும் புதுசுதான், அதனால வார்டு வார்டா மாத்திட்டே இருக்குற நிர்வாகங்க மேல எனக்கு கோவம் உண்டு. அந்த அக்கா எதப் பாத்து சொன்னாங்கன்னு அன்னைக்கே கேட்டுக்கங்க, ரெண்டு பேரும் சேந்து பெட்கிட்ட போய் பாருங்க. இன்னொண்ணு, ஆபத்துன்னு தோணினா உடனே கூப்பிடுங்க, ஆனா "இவருக்கு ஒண்ணும் இல்ல, சும்மா கத்துறார்"னு தோணினா மட்டும் அத நம்பாம போய் மூச்ச எண்ணுங்க.