லங்காவிக்கு இருவர் மட்டும்

கேள்வி: எனக்கு வயது 56, கணவருக்கு 61. சொந்தமாக 34 அடிப் பாய்மரப் படகு வாங்கியிருக்கிறோம். வரும் ஜனவரியில் கிள்ளான் துறைமுகத்திலிருந்து லங்காவிக்கு நாங்கள் இருவர் மட்டும் போவதாகத் திட்டம். இரவிலும் நிற்காமல் ஓட்டினால் இரண்டே நாளில் போய்விடலாம் என்கிறார் அவர். படகில் எனக்குத் தெரிந்தது சமையலும், சொன்ன கயிற்றைப் பிடிப்பதும்தான். பயமாக இருக்கிறது. போகலாமா?
- வாசகி, கிள்ளான்

பதில்: போகலாம் அம்மா. ஜனவரியும் சரியான மாதம்தான். வடகிழக்குப் பருவக்காற்றைத் தித்திவங்சா மலைத்தொடர் தடுத்துவிடுவதால் மேற்குக் கரைக் கடல் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். ஏப்ரலுக்குப் பிறகு அப்படியில்லை. விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து திடீர்ச் சூறைகள் வரும்.

ஆனால் இரவு ஓட்டம் வேண்டாம். திறந்த பெருங்கடலில் என்றால் உங்கள் கணவர் சொல்வது நியாயம். மலாக்கா நீரிணையில் ஒரு பக்கம் பெருங்கப்பல்கள், இன்னொரு பக்கம் கரையோர மீன்வலைகள். வலையின் முனையில் ஒரு மூங்கில் கம்பும் கறுப்புக் கொடியும் இருந்தால் பெரிது. விளக்கு இருக்கும் என்று நம்ப முடியாது. இழுவலைப் படகுகள் இரண்டு ஒரே வலையை இழுத்தபடி சோடியாகப் போனால் நடுவில் நுழையவே கூடாது. பின்னால் அரை கடல் மைலாவது விட்டுக் கடக்க வேண்டும்.

புரொப்பெல்லரில் கயிறு சுற்றினால் எஞ்சின் முனகும், வேகம் விழும். உடனே நியூட்ரலுக்கு மாற்றி எஞ்சினை அணையுங்கள். பின்னோக்கி ஓட்டிப் பிரிக்கலாம் என்று பலரும் முயல்வார்கள். அதில் சிக்கல் இன்னும் இறுகக்கூடும். ஆழம் குறைவென்றால் நங்கூரம் போடுங்கள். பகலில், நீரோட்டம் இல்லாதபோது மட்டுமே ஒருவர் இடுப்பில் கயிறு கட்டி, பல் வைத்த கத்தியுடன் இறங்கலாம். எஞ்சின் சாவியை மேலே இருப்பவர் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். படகு குலுங்கினால் இறங்க வேண்டாம், தலையில் அடிபடும். காற்று இருந்தால் பாயை விரித்துத் துறைமுகம் தேடுங்கள்.

பயணத்தைப் பகல்களாகப் பிரியுங்கள். கிள்ளானிலிருந்து பங்கோர் ஏறத்தாழ 85 கடல் மைல்; 5 நாட் (மணிக்கு 5 கடல் மைல்) வேகத்தில் 17 மணி நேரம். ஆகவே முதல் நாள் அங்சா தீவு வரை மட்டும் போங்கள். மறுநாள் விடியுமுன் கிளம்பி, எஞ்சினையும் பாயையும் சேர்த்து ஓட்டி, செம்பிலான் தீவுகள். அங்கிருந்து பங்கோர் கூப்பிடு தூரம். பங்கோரிலிருந்து பினாங்குக்குச் சுமார் 65 கடல் மைல். இதுவும் நீண்ட நாள்தான். இருட்டில் கிளம்புவதில் தவறில்லை, ஏனென்றால் முந்தின மாலையே பார்த்து வைத்த இடம் அது. தெரியாத இடத்துக்குள் இருட்டில் நுழைவதுதான் ஆபத்து. பினாங்கு - லங்காவிக்கு நடுவே உள்ள பாயார் தீவு கடல் பூங்கா என்பதால், அங்கே தங்க அனுமதி உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

நங்கூரச் சங்கிலிக் கணக்கை நீங்களே போடுங்கள். வற்றத்தில் (கடல்நீர் இறங்கியிருக்கும்போது) ஆழம் 5 மீட்டர், அதற்கு மேல் நீர் ஏற்றம் 3 மீட்டர், படகு முகப்பின் உயரம் 1 மீட்டர் என்றால் மொத்தம் 9. அதன் ஐந்து மடங்கு, 45 மீட்டர் சங்கிலி விட வேண்டும். கிள்ளான் பக்கம் ஏற்றவற்றம் பெரிது. வற்றத்தில் போட்ட 25 மீட்டர் நள்ளிரவு ஏற்றத்தில் போதாமல் போய் நங்கூரம் இழுபடும்.

டீசலைப் பொறுத்தவரை, 30 குதிரைத்திறன் எஞ்சின் மணிக்கு மூன்று லிட்டர் குடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொட்டியில் மூன்றில் ஒரு பங்கைத் தொடாதீர்கள். செம்பனை எண்ணெய் கலந்த டீசல் ஈரத்தை இழுக்கும், தொட்டியடியில் கசடு சேரும். அலையில் அது கலங்கினால் ஃபில்டர் அடைபடும். டீசல் ஃபில்டர் இரண்டு வகை (தொட்டியிலிருந்து வரும் வழியில் ஒன்று, எஞ்சினில் ஒன்று); இரண்டிலும் இரண்டிரண்டு, தண்ணீர் பம்பின் இம்பெல்லர் (உள்ளே சுழலும் ரப்பர் சக்கரம்) ஒன்று, பெல்ட் ஒன்று கையிருப்பில் இருக்கட்டும்.

இனி உங்கள் பயம். அது சரியான பயம். அவர் கடலில் விழுந்தால் படகில் மிஞ்சுவது நீங்கள்தான். அதனால் டிசம்பருக்குள் நீங்கள் தனியாகச் செய்துகாட்ட வேண்டியது ஒன்று உண்டு. ஒரு மிதவையில் வாளியைக் கட்டி அவர் கடலில் எறியட்டும்; பிறகு வாய் திறக்காமல் உட்காரட்டும். (இந்த இரண்டாவதுதான் அவருக்குக் கடினம்.) நீங்கள் உயிர்காப்பு வளையத்தை வீசி, ஜிபிஎஸ்ஸில் ஆள் விழுந்த இடத்தைக் குறிக்கும் பொத்தானை அழுத்தி, படகைக் காற்றுக்கு எதிரே திருப்பி, முன்பாயைச் சுருட்டுங்கள். தண்ணீரில் கயிறு தொங்குகிறதா என்று பார்த்த பிறகே எஞ்சினைக் கிளப்புங்கள். காற்று போகும் பக்கமிருந்து, முகப்பு காற்றைப் பார்த்தபடி மெதுவாக நெருங்கி, ஒரு படகு நீளத்தில் நியூட்ரல். தொடர்ந்து மூன்று முறை வாளி கைக்கு வர வேண்டும்.

நனைந்த ஆளைக் கையால் தூக்க முடியாது. ஏணி வேண்டும், அவர் மயங்கியிருந்தால் பாயேற்றும் கயிற்றை உயிர்காப்புச் சட்டையின் வாரில் மாட்டி வின்ச்சால் (கயிறு சுற்றி இழுக்கும் உருளையால்) ஏற்ற வேண்டும். அதையும் துறையிலேயே கட்டிப் பாருங்கள். வாரும் பாதுகாப்புக் கயிறும் மாட்டாமல் அவர் முகப்புக்குப் போகக்கூடாது என்பதை நீங்கள் விதியாக்குங்கள்.

ஆபத்தில் உதவி கேட்கும் ரேடியோவின் 16ஆம் சேனலில் சொல்ல வேண்டியதை எழுதி அதன் பக்கத்திலேயே ஒட்டுங்கள்: "மேடே" (உயிராபத்து என்பதற்கான அழைப்பு) மூன்று முறை, படகின் பெயர், அட்சரேகை தீர்க்கரேகை, என்ன ஆபத்து, இருவர் இருக்கிறோம்.

திரும்பி வரவும் இதே அளவு நாள் வேண்டும். மார்ச் நடுவுக்குள் கிள்ளான் சேரும்படி லங்காவியை விட்டுக் கிளம்புங்கள்.