ஒருபக்கமாகச் சாயும் டிரேடைத் தடுக்கலாமா? ஃபேன்டஸி பேஸ்பால் கேள்வி பதில்

ஃபேன்டஸி பேஸ்பாலில் நிஜ வீரர்களை டிராஃப்ட் என்ற முறையில் மாறி மாறி எடுத்து அணி அமைக்கிறோம்; நிஜ ஆட்டத்தில் அவர்கள் செய்வதுதான் நமக்குப் புள்ளி. இரண்டு அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்வது டிரேட், அதை லீகில் உள்ள மற்றவர்கள் தடுப்பது வீட்டோ. அந்த வீட்டோ பற்றிய கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். நிறைய வந்தன. பாதிக்கு மேல் கோபத்தோடு எழுதப்பட்டவை. பன்னிரண்டு அணிகள் ஆடும் நண்பர்கள் லீகில் கமிஷனராக (லீகை நடத்துபவராக) இருப்பதால் அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. கேட்டவரின் ஊர்ப் பெயரோடு கேள்வியைத் தந்து, முடிந்தவரை நேராகப் பதில் சொல்கிறேன்.

டல்லாஸ்: எங்கள் லீகில் ஒருவர் முதல் சுற்றில் எடுத்த பேட்டரைக் கொடுத்துவிட்டு, சுமாரான இரண்டு பேரை வாங்கினார். உடனே ஏழு பேர் வீட்டோ போட்டுவிட்டோம். செய்தது சரிதானே?

சரியில்லை. அந்த இரண்டு மேனேஜர்களும் தங்கள் அணி ஜெயிக்க வேண்டும் என்று நினைத்துத்தான் டிரேட் செய்தார்களா? நான் பார்ப்பது அதை மட்டும்தான். ஆமென்றால் கணக்கு தப்பாகவே இருந்தாலும் அது அவருடைய அணி, அவருடைய உரிமை.

யார் ஏமாந்தார் என்பது டிரேட் நடக்கும் அன்று தெரியாது. 2024 டிராஃப்டுகளில் பெரும்பாலும் முதலில் போனவர் ரொனால்ட் அக்குன்யா. அதற்கு முந்தைய சீசனில் 41 ஹோம் ரன், 73 ஸ்டீல் (பேஸ் திருட்டு). மே மாதத்தில் அவரைக் கொடுத்து நடுத்தர வீரர்கள் மூவரை ஒருவர் வாங்கியிருந்தால் எல்லா லீகிலும் கூச்சல் எழுந்திருக்கும். மே 26 அன்று அவருக்கு இடது முழங்காலில் தசைநார் கிழிந்தது, சீசன் முடிந்தது. அந்த டிரேடை வீட்டோ செய்தவர்கள் யாருக்கு நியாயம் செய்ததாக இருந்திருக்கும்?

சான் ஹோசே: நிஜ மேஜர் லீகில் இவ்வளவு மோசமான டிரேடுகள் நடக்க விடுவார்களா?

தாராளமாக விட்டிருக்கிறார்கள். 1990 ஆகஸ்டில் பாஸ்டன் ரெட் சாக்ஸ், லேரி ஆண்டர்சன் என்ற ரிலீஃப் பிட்சருக்காக (ஆட்டத்தின் நடுவில் மாற்றாக வந்து வீசுபவர்) மைனர் லீகில், அதாவது கீழ்நிலை லீகில், ஆடிக்கொண்டிருந்த ஜெஃப் பேக்வெல்லை ஹூஸ்டனுக்குக் கொடுத்தது. ஆண்டர்சன் பாஸ்டனுக்காக வீசியது 22 இன்னிங்ஸ். பேக்வெல் 449 ஹோம் ரன் அடித்து 2017இல் ஹால் ஆஃப் ஃபேம் போனார். 1987இல் டெட்ராய்ட், பிட்சர் டாயில் அலெக்சாண்டருக்காக, பின்னாளில் ஹால் ஆஃப் ஃபேம் போன ஜான் ஸ்மோல்ட்ஸை அட்லாண்டாவுக்கு அனுப்பியதும் இதே கதைதான். ஆனால் அலெக்சாண்டர் அந்த சீசனில் டெட்ராய்ட்டுக்காக 9 வெற்றி, 0 தோல்வி. அணி டிவிஷனையும் வென்றது. அவர்கள் கேட்டது கிடைத்தது, விலைதான் பிறகு தெரிந்தது.

நியூ ஜெர்சி: அப்படியானால் பேஸ்பால் கமிஷனர் எதையுமே தடுத்ததில்லையா?

தடுத்திருக்கிறார். 1976 ஜூனில் ஓக்லாண்ட் உரிமையாளர் சார்லி ஃபின்லி, ஜோ ரூடியையும் ராலி ஃபிங்கர்ஸையும் தலா 10 லட்சம் டாலருக்கு பாஸ்டனுக்கும், வைடா புளூவை 15 லட்சம் டாலருக்கு நியூயார்க் யாங்கீஸுக்கும் விற்றார். சில நாட்களில் கமிஷனர் போவி கூன் விற்பனையை ரத்து செய்தார். ஃபின்லி வழக்குப் போட்டுத் தோற்றார்.

அங்கே நடந்தது என்ன? மூன்று நட்சத்திரங்கள் வெளியே போனார்கள், களத்தில் இறக்க ஒரு வீரர்கூட உள்ளே வரவில்லை. ஃபேன்டஸியிலும் கமிஷனர் நிமிர்ந்து உட்கார வேண்டிய இடம் அதுதான். அடிக்கடி பெஞ்சில் இருக்கும் ஒருவருக்காக யாராவது தன் முதல் மூன்று வீரர்களைக் கொடுத்தால் விசாரியுங்கள். விசாரணை வேறு, வீட்டோ வேறு.

சிகாகோ: கூட்டுச்சதி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒப்புக்கொள்ள மாட்டார்களே.

ஒப்புக்கொள்ள மாட்டார்கள்தான். ஆனால் தடயம் இருக்கும். கடைசி இடத்தில் இருப்பவர், மேலே இருக்கும் தன் தம்பிக்கோ அறைத்தோழருக்கோ நல்ல வீரர்களைத் தள்ளிவிடுவார். இரண்டு வாரத்துக்கு வீரரைக் கொடுத்து, வேலை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். பரிசுப் பணத்தில் பங்கு என்ற பேச்சு காதில் விழும். ஒரே ஆள் இரண்டு அணி நடத்துவதும் உண்டு.

நான் இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, "இது உங்கள் அணிக்கு எப்படி உதவும்?" என்று மட்டும் கேட்பேன். நேர்மையாகச் செய்தவர் உடனே தன் அணியைப் பற்றிப் பேசுவார்: சேவ் (முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடிக்கும் பிட்சருக்குக் கிடைக்கும் கணக்கு) இல்லை, இரண்டாம் பேஸில் ஆள் இல்லை, ஒருவர் காயத்தில் இருக்கிறார் என்று. சதி செய்தவரோ எதிர் அணியின் தேவையைப் பற்றிப் பேசுவார், அல்லது "என் இஷ்டம்" என்று முடிப்பார். இது கோர்ட்டில் நிற்கும் ஆதாரம் இல்லை. தடயமும் பதிலும் சேர்ந்து ஒரே பக்கம் காட்டினால் நான் ரத்து செய்துவிடுவேன், காரணத்தை எல்லோருக்கும் எழுதியும் வைப்பேன்.

சியாட்டல்: 30 ஹோம் ரன் அடிப்பவரைக் கொடுத்து ஒரு சாதாரண குளோசரை (கடைசியில் வந்து சேவ் எடுக்கும் பிட்சர்) வாங்கினேன். என்னைத் திருடனோடு சேர்ந்தவன் என்கிறார்கள்!

உங்கள் லீக் ரோட்டோ முறை என்று எழுதியிருந்தீர்கள். 1980இல் டேனியல் ஓக்ரென்ட்டும் நண்பர்களும் நியூயார்க்கில் தொடங்கிய ரோட்டிசரி ஆட்டத்தின் வழி வந்தது. அதில் ஹோம் ரன், சேவ் போன்ற ஒவ்வொரு பிரிவிலும் நீங்கள் எத்தனையாவது இடம் என்பதற்குத்தான் புள்ளி. ஹோம் ரன்னில் முதல் இடத்தில், அடுத்த அணியைவிட 35 முன்னால் இருக்கிறீர்கள் என்று வையுங்கள். இன்னும் 15 அடித்தாலும் ஒரு புள்ளி கூடாது. சேவில் கடைசி இடம், ஆனால் உங்களுக்கு மேலே நான்கு அணிகள் ஐந்து சேவுக்குள் நெருங்கி நிற்கின்றன. சுமாரான குளோசர் ஒருவர் வந்தால் நான்கு புள்ளி. வீரர்களின் பெயரைப் பார்ப்பவருக்கு இது கொள்ளையாகத் தெரியும். புள்ளிப் பட்டியலைப் பார்ப்பவருக்கு நல்ல டிரேடாகத் தெரியும். பட்டியலை அவர்களுக்கு அனுப்புங்கள்.

அட்லாண்டா: கீப்பர் லீகில் (சில வீரர்களை அடுத்த சீசனுக்கும் வைத்துக்கொள்ளும் லீக்) ஜூலையில் கீழே இருப்பவர்கள் நட்சத்திரங்களை விற்று இளம் வீரர்களை வாங்குகிறார்கள். பட்டத்தையே இதுதான் தீர்மானிக்கிறது.

அடுத்த வருடத்துக்காக ஆடுவது கீப்பர் லீகின் இயல்பு. பிடிக்கவில்லையென்றால் சீசன் தொடங்கும் முன் விதியை மாற்றுங்கள்: டிரேட் கெடுவை முன்னால் கொண்டுவரலாம், வீரர்களை ஏலத்தில் எடுக்கும் லீக் என்றால் அணியின் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு வைக்கலாம். நடுவில் வீட்டோவைத் தூக்காதீர்கள்.

பாஸ்டன்: புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணிடம், காயமான பிட்சரை விஷயம் சொல்லாமல் தள்ளிவிட்டார்கள். இதையும் விட்டுவிடலாமா?

என் மனதை மிகவும் உறுத்திய கேள்வி இது. சதி இல்லை, ஆனால் அசிங்கம். காயச் செய்தி வெளியாகி 24 மணி நேரத்துக்குள் நடந்த டிரேடை, அந்த வீரரை வாங்கியவர் கேட்டால் ரத்து செய்யலாம் என்று எங்கள் லீகில் விதி வைத்திருக்கிறோம். வாங்கியவர் கேட்க வேண்டும். மூன்றாவது இடத்தில் இருப்பவர் அவருக்காகக் கொதித்துப் பயனில்லை. புதியவர்களிடம் முன்கூட்டியே ஒன்று சொல்லி வையுங்கள்: எந்த ஆஃபர் வந்தாலும் ஒரு இரவு பொறுத்து, வேறு இருவரிடம் விலை கேட்டுவிட்டு முடிவெடுக்கட்டும்.

ஹூஸ்டன்: ஓட்டெடுப்பா, கமிஷனரா?

கமிஷனர். ஓட்டுப் போடும் ஒவ்வொருவரும் உங்கள் எதிரணி. முதல் இடத்துக்காரர் பலமாவதைத் தடுக்க அவர்களுக்குக் காரணம் உண்டு. லீக் நடத்த உதவும் யாஹூ, இஎஸ்பிஎன் தளங்கள் இரண்டிலும் அமைப்பில் போய் இதை மாற்றிக்கொள்ளலாம். கமிஷனரே டிரேடில் இருந்தால் தீர்ப்பு சொல்ல, லீகில் இல்லாத ஒருவரை முன்பே நியமித்துவிடுங்கள்.

பெரிய பணம் புரளும் லீக் என்றால் டிரேடே வேண்டாம் என்பேன். பரிசுப் பணம் வைத்து நடக்கும் என்எஃப்பிசி போட்டிகளில் அப்படித்தான், டிராஃப்டும், எந்த அணியிலும் இல்லாத வீரர்களை எடுப்பதும் மட்டுமே.

டல்லாஸ் (மறுபடி): வீட்டோ வாங்கியவர் லீகை விட்டே போகிறேன் என்கிறார். இப்போது என்ன செய்வது?

இன்றைக்கே இருவரிடமும் கேளுங்கள். இருவருக்கும் அந்த டிரேட் இன்னும் வேண்டுமென்றால் கமிஷனர் கையால் நிறைவேற்றிவிடலாம். தடுக்கப்பட்ட நாட்களின் ஸ்கோரை மாற்ற வேண்டாம், அது வேறு சண்டையைக் கிளப்பும். ஓட்டுப் போட்ட ஏழு பேரும் அவருக்குத் தனியாக எழுதுங்கள். வீட்டோ சதிக்கு மட்டும் என்ற வரியை அடுத்த சீசனுக்காகக் காத்திராமல் இந்த வாரமே விதியில் சேர்த்துவிடுங்கள்.